பழைய கிதார் வாங்குவோர் ஃபிரெட்டைப் பார்த்து வாங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் பிள்ளைகளை இசை வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், புதுக் கருவிக்குப் பெருந்தொகை செலவிடாமல் பழைய கருவி ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம் என்ற யோசனையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தூத்துக்குடியில் கிதார் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில் அதை மனமார வரவேற்கிறேன். வாங்குமுன் பெட்டியில் விரிசல் உண்டா, டியூனிங் கீகள் சரியாகத் திரும்புகின்றனவா, கம்பிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னதும் சரியே. ஆனால், பழைய கிதாரில் முதலில் தேய்வதும், புதிதாகக் கற்கும் பிள்ளையின் ஆர்வத்தைச் சத்தமில்லாமல் கெடுப்பதுமான ஃபிரெட்டுகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையை நிரப்பவே இக்கடிதம். சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கிதாரின் கழுத்தில் குறுக்கே வரிவரியாகப் பதித்திருக்கும் உலோகத் துண்டுகளைத்தான் ஃபிரெட் என்கிறோம். வீணையில் அதே வேலையைச் செய்பவை மெட்டுகள். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் நிற்பவை என்பதால், மெட்டு இடம்பெயர்ந்து சுருதி விலகினால் மெழுகை இளக்கி மீண்டும் சரியான இடத்தில் நிறுத்தக் கைதேர்ந்தவர்களால் முடியும். கிதாரில் அந்த வசதி கிடையாது. மரத்தில் அறுத்த மெல்லிய காடியில் ஃபிரெட்டை அடித்து இறுக்கிவிடுகிறார்கள். அதன் இடம் ஒரே ஒரு முறை கணக்குப் போட்டுத் தீர்மானிக்கப்படுகிறது. 650 மி.மீ. கம்பி நீளமுள்ள கிதாரில் முதல் ஃபிரெட், தலைப்பக்கத்தில் கம்பிகள் படியும் சிறு பட்டையான நட்டிலிருந்து ஏறத்தாழ 36.5 மி.மீ. தொலைவிலும், பன்னிரண்டாவது ஃபிரெட் சரிபாதியில், அதாவது 325 மி.மீ. தொலைவிலும் இருக்கும். மிச்சமுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்துக்கொண்டே போனால் அடுத்தடுத்த ஃபிரெட்டின் இடம் கிடைத்துவிடும்.

இவ்வளவு நுணுக்கமாக வைத்த உலோகத்தின் உச்சி கூண்டு வண்டியின் கூரைபோல வளைந்திருக்க வேண்டும். கம்பி அந்த வளைவின் நடு முகட்டில் மட்டும் படிய வேண்டும். நெடுநாள் வாசிப்பில் அந்த முகடு தேய்ந்து 2 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாகிவிட்டால், கம்பி நடுவில் படியாமல் பெட்டிப் பக்கத்து முன்விளிம்பில் படியும். ஒரே ஒரு மி.மீ. தான் விலகுகிறது, ஆனால், பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அது அரை ஸ்வரத்தை நூறாகப் பங்கிட்டால் அதில் ஐந்து பங்குக்கு மேல் சுருதியை ஏற்றிவிடும். தனிக் கம்பியை மீட்டும்போது இது தெரியாது. இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்துக் கார்டாக மீட்டும்போது எங்கோ ஏதோ ஒட்டவில்லை என்று காது சொல்லும். வாசிக்கும் பிள்ளையோ தன் மேல்தான் குறை என்று எண்ணிக்கொள்ளும்.

சென்ற ஆண்டு பனிமய மாதா திருவிழாவுக்கு முன்பு, பாடகர் குழுவின் பயிற்சி நடந்துகொண்டிருந்த நாட்களில், எட்டாம் வகுப்பு படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். "சார், ரெண்டு மாசமா யூடியூப் பாத்துப் பழகுறா, சத்தமே சரியா வரல. பிள்ளைக்கு விரல்ல வலு பத்தல போல" என்றார். அந்தப் பெண் பேசவில்லை. சிவந்து தடித்த விரல் நுனிகளை இன்னொரு கையால் தடவிக்கொண்டிருந்தாள். கிதாரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முதல் மூன்று ஃபிரெட்டுகளிலும், மெல்லிய கம்பிகள் இரண்டின் அடியில், கத்தியால் கீறியதுபோலப் பள்ளங்கள் இருந்தன. நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் நகம் தடுக்கி நின்றது. ஃபிரெட்டும் மரமும் சேரும் மூலைகளில் கறுப்பு அழுக்கு மெழுகுபோல இறுகியிருந்தது. அதன் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

சி கார்டு பிடித்தாலும் ஏ மைனர் பிடித்தாலும் ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியில் முதல் ஃபிரெட்டுக்குத்தான் போகும். கற்கத் தொடங்குகிறவர் ஒரு நாளில் பல நூறு முறை அழுத்துவது அந்த ஒரே இடத்தைத்தான். அந்த ஃபிரெட் பள்ளமாகிவிட்டால் கம்பி தாழ்ந்து அடுத்த ஃபிரெட்டின் தலையில் உரசும். ஸ்வரத்துக்குப் பதில் ஜிர்ரென்ற இரைச்சல் எழும். பிள்ளை இன்னும் பலமாக அழுத்தும், இரைச்சல் போகாது, விரல்தான் புண்ணாகும். இரண்டு மாதமாக அந்தப் பெண் அனுபவித்தது இதைத்தான். அவள் விரலில் ஒரு குறையும் இல்லை. அன்று மாலையே கிதாரைச் சுத்தம் செய்து கம்பிகளை மாற்றினோம்; பள்ளங்களைச் சமன்செய்யப் பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுத்து வாங்கினோம். இப்போது அவள் ஞாயிறு திருப்பலியில் வாசிக்கிறாள்.

ஃபிரெட் எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டால் அதைப் பேணுவது எளிது. பெரும்பாலான கிதார்களில் உள்ளது நிக்கல் சில்வர் எனப்படும் கலப்பு உலோகம். பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பும் துத்தநாகமும், வழக்கமாக 18 விழுக்காடு அளவுக்கு நிக்கலும் சேர்ந்தது. நம் வீட்டுக் கல்யாணச் சீர்த் தட்டுகளில் ஜெர்மன் சில்வர் என்று விற்கிறார்களே, அதே இனத்து உலோகம்தான். செம்பு இருக்கும் இடத்தில் களிம்பும் இருக்கும் என்பது சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குப் புதிதல்ல; ஆணவ மலத்துக்கு உவமையாகவே அதைச் சொல்கிறார்கள். விரலின் வியர்வையில் உள்ள உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து ஃபிரெட்டில் அந்தக் களிம்பை உண்டாக்குகின்றன. உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், துணியால் துடைக்காமல் உறையில் வைத்த கிதார் நான்கைந்து மாதத்தில் நிறம் மாறிவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

களிம்பு பார்வைக்கு அருவருப்பாக இருந்தாலும் அதைவிடக் கெடுதலானது கம்பியின் துருதான். எஃகுக் கம்பி இயல்பிலேயே நிக்கல் சில்வரைவிடக் கடினமானது. அதில் துரு ஏறிவிட்டால் கம்பியே மெல்லிய அரமாகிவிடுகிறது; ஒவ்வொரு அழுத்தத்திலும், கம்பியைப் பக்கவாட்டில் வளைக்கும் ஒவ்வொரு முறையும் ஃபிரெட்டை அராவிக்கொண்டே இருக்கும். சாதாரண ஃபிரெட்டின் உயரமே 1 மி.மீ. அளவுதான் என்பதை நினைவில் வைத்தால், கால் மி.மீ. பள்ளம் எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும். 500, 600 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகத் துருப்பிடித்த கம்பியிலேயே ஓர் ஆண்டு ஓட்டுகிறவர்கள், பிறகு ஃபிரெட் மாற்றுவதற்குப் பல மடங்கு கொடுக்க நேரிடுகிறது.

சுத்தம் செய்யும் முறையைச் சொல்கிறேன். இதை வீட்டிலேயே ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். பழைய கம்பிகளைத் தளர்த்திக் கழற்றிவிட வேண்டும். இறுக்கமாக இருக்கும்போதே வெட்டுவது கழுத்துக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. பிறகு பெட்டியின் நடுத்துளையைக் காகிதத்தாலும் டேப்பாலும் மூடிவிட வேண்டும். எலெக்ட்ரிக் கிதாராக இருந்தால், கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்அப்புகளைக் கட்டாயம் மூட வேண்டும், ஏனென்றால் அவற்றில் உள்ள காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கொண்டால் எளிதில் விடாது. அடுத்து, பெயிண்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை ஒவ்வொரு ஃபிரெட்டுக்கும் இருபுறமும் ஒட்டி, உலோகம் மட்டும் வெளியே தெரியும்படி மரத்தை முழுவதும் மறைக்க வேண்டும். இருபது ஃபிரெட்டுக்கும் ஒட்டி முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். பலர் இந்த இடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள். டேப் ஒட்டாமல் தேய்த்தால் விரல் பலகையில், அதாவது ஃபிரெட் பதித்த மரப்பரப்பில், விழும் கீறல் கடைசிவரை போகாது என்பதை என் முதல் கிதாரில் கற்றுக்கொண்டேன்.

தேய்ப்பதற்கு 0000 என்று எண்ணிட்ட மிக மெல்லிய ஸ்டீல் வூல், அதாவது இரும்புப் பஞ்சு, வேண்டும். பாத்திரம் துலக்கும் கம்பி நாரை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. அது ஃபிரெட்டில் வரிகளை உழுதுவிடும். ஸ்டீல் வூல் கிடைக்காத ஊர்களில் கார் பெயிண்ட் கடையில் 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர் வாங்கி, அந்த வரிசையிலேயே, தண்ணீர் தொடாமல் தேய்க்கலாம். ஸ்டீல் வூலைச் சிறு உருண்டையாக எடுத்து ஃபிரெட்டின் நீளவாக்கில் மெதுவாகப் போக்கும் வரத்துமாகத் தேய்த்தால், இருபது முப்பது தேய்ப்பில் பழுப்பு நிறம் மறைந்து உலோகம் எழும். அப்போது பஞ்சுருண்டையைத் திருப்பிப் பார்த்தால் அடுப்புக்கரி தொட்டதுபோலக் கறுத்திருக்கும். முடிவில் வெறும் பருத்தித் துணியால், நைந்த வேட்டித் துண்டாக இருந்தால் இன்னும் நல்லது, ஃபிரெட்டைத் துடைத்தால் கம்பி வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்குப் பளபளப்பு வந்துவிடும். உதிர்ந்த இரும்புத் தூளை வாயால் ஊதக் கூடாது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காந்தத்தைப் போட்டு மேலாக நகர்த்தினால் தூள் அத்தனையும் உறையில் ஒட்டிக்கொள்ளும். முகக்கவசம் அணிந்துகொள்வது நல்லது.

டேப்பை உரித்தபின் ஃபிரெட்டின் இரு மூலைகளிலும் இறுகிய அழுக்கைப் பல்குத்தும் குச்சியாலோ, பழைய பல்துலக்கியாலோ எடுக்கலாம். இரும்பு ஊசி வேண்டாம். ஈட்டி மரத்தாலான விரல் பலகை வறண்டு வெளிறிப் போயிருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இரண்டு மூன்று துளியைத் துணியில் விட்டுத் தடவி, பத்து நிமிடத்தில் உபரியைத் துடைத்துவிட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் இது தேவையில்லை. மேப்பிள் மரத்தில் வார்னிஷ் பூசிய வெளிர் நிற விரல் பலகைக்கு எண்ணெயும் வேண்டாம், ஸ்டீல் வூல் அதன் மேல் படவும் கூடாது.

நம் வீடுகளில் பித்தளை, செம்புப் பாத்திரங்களைப் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்கும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. அதே நம்பிக்கையில் ஃபிரெட்டுக்கும் புளித் தண்ணீர் போட்ட கிதார்கள் என்னிடம் வந்திருக்கின்றன. புளியின் அமிலம் களிம்பை நீக்கும் என்பது உண்மைதான். ஆனால், பாத்திரத்தைத் தேய்த்த கையோடு குழாயில் கழுவிவிடுகிறோம், கிதாரைக் கழுவ முடியாது. காடிக்குள் இறங்கிய புளித் தண்ணீர் மரத்தை ஊறவைக்கும், ஃபிரெட்டின் பிடி தளரும், உள்ளிருந்தே மீண்டும் களிம்பு கிளம்பும். தேங்காய் எண்ணெயும் ஆகாது; நாள்பட்டால் சிக்கு வாடை எடுத்துப் பிசுபிசுக்கும், தூசியெல்லாம் அதில் ஒட்டும். கிதார் கடைகளில் லெமன் ஆயில் என்று விற்பதைப் பார்த்து எலுமிச்சைச் சாறு பிழிந்தவரும் உண்டு. அந்தப் புட்டிகளில் பெரும்பாலும் இருப்பது வாசனை சேர்த்த கனிம எண்ணெய்தான்.

இதுவரை சொன்னது சுத்தம் செய்வது பற்றி மட்டுமே. தேய்ந்த ஃபிரெட்டை அராவிச் சமன்செய்வது வேறு வேலை. அதைப் பழகாதவர் தொடக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் கிதாரில் இரண்டு ஃபிரெட் மட்டும் இரைகின்றன என்று ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் கழுத்து வளைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், கதவுக் கீலுக்கு வைக்கும் அரத்தால் எல்லா ஃபிரெட்டின் தலையையும் ஒரே இழுப்பாக இழுத்துத் தட்டையாக்கிக் கொடுத்துவிட்டார்கள். இரைச்சல் நின்றது உண்மை. ஆனால், அதன் பிறகு அந்தக் கிதாரில் எந்தக் கார்டும் சுருதி சேரவில்லை. பதினான்கு ஃபிரெட்டுகளைப் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. முறையாகச் செய்கிறவர் முதலில் கழுத்தை நேராக்குவார். ஃபிரெட்டுகளின் தலையில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி, நேரான பட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, எல்லாவற்றிலும் மை போனதும் நிறுத்துவார். அதன் பிறகு உட்குழிந்த தனி அரத்தால் ஒவ்வொரு ஃபிரெட்டுக்கும் மீண்டும் வளைவு கொடுப்பார். இந்தக் கடைசி வேலைதான் நேரம் பிடிக்கும். கூலி கேட்பதும் இதற்குத்தான். அதைப் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம்.

இரைச்சல் எல்லாமே ஃபிரெட்டின் குற்றமும் அல்ல. எஃகுக் கம்பி போட்ட கிதாரின் கழுத்துக்குள் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு இருக்கும். கம்பிகளின் இழுவிசைக்கு ஈடுகொடுக்க அதை முறுக்கி வைத்திருப்பார்கள். கம்பியை முதல் ஃபிரெட்டிலும் பதினான்காவது ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு சந்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இருந்தால் நல்லது. இதை அளக்க இருசக்கர வாகன மெக்கானிக்குகள் எஞ்சினில் டாப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும், மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் போதும். நான் எங்கள் தெரு மெக்கானிக்கிடம்தான் இரவல் வாங்குகிறேன். சந்தே இல்லையென்றால் கழுத்து பின்வளைந்திருக்கிறது என்று பொருள். அப்போது ஃபிரெட்டைக் குறைசொல்லி அராவினால் இழப்பு நமக்குத்தான். டிரஸ் ராடை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது.

தட்பவெப்பத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடற்கரை ஊரின் ஈரத்தில் இருந்த கிதார், இரவும் பகலும் ஏசி ஓடும் அறைக்குப் போனால் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. கழுத்தின் ஓரத்தில் ஃபிரெட்டின் முனைகள் முள்ளாக நீட்டிக்கொண்டு கையைக் கீறும். பெங்களூரில் வேலைக்குப் போன என் மாணவர் ஒருவர் கிதார் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்தார். முனைகளை மட்டும் மெல்லிய அரத்தால் சாய்த்து உருட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான் வேலை.

ஆகவே, பழைய கிதார் வாங்கப் போகிறவர்கள் விற்பவர் மீட்டிக்காட்டும் ஒரு பாட்டைக் கேட்டு மயங்கிவிடாமல், கருவியைத் தம் கையில் வாங்க வேண்டும். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆறு கம்பி, இருபது ஃபிரெட் என்றால் மொத்தம் 120 இடங்கள். ஒவ்வொன்றிலும் விரலை வைத்து ஒரே ஒரு முறை மீட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். எங்கே இரைகிறது, எங்கே ஓசை செத்துப்போகிறது, எங்கே அடுத்தடுத்த இரண்டு ஃபிரெட்டிலும் ஒரே ஸ்வரம் வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். கழுத்தின் இரு ஓரங்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். களிம்பும் அழுக்கும் மட்டும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். விலையையும் குறைத்துக் கேட்கலாம். முதல் மூன்று ஃபிரெட்டில் நகம் தடுக்கும் பள்ளம் இருந்தால் சமன்செய்யும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேச வேண்டும். பள்ளம் ஃபிரெட்டின் பாதி உயரத்துக்கு இறங்கிவிட்டிருந்தால், கிதார் அரிதானதாக இருந்தாலொழிய விட்டுவிடுவது நல்லது.

பல பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் அலமாரியின் மேல் உறைகூட இல்லாமல் படுத்துக்கிடக்கும் கிதார்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை. அவற்றில் பலவற்றின் விரல் பலகை நம் மலைகளில் விளையும் ஈட்டி மரம். அந்த மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மரத்தில் செய்த கருவியைப் பழசாகிவிட்டது என்று ஒதுக்கிவிட்டு, அழுத்திய பலகையில் செய்த புதுக் கிதாரை வாங்கி வருகிறோம். இசை ஆசிரியர்கள் பருவத்துக்கு ஒரு முறை, பிள்ளைகளையே உட்காரவைத்து, டேப் ஒட்டி, ஃபிரெட் தேய்த்து, கம்பி மாற்றச் சொல்லிக்கொடுக்கலாம். என் வகுப்பில் இதைச் செய்கிறோம். தான் துடைத்த கிதாரை எந்தப் பிள்ளையும் துடைக்காமல் உறையில் வைப்பதில்லை.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். சமன்செய்யும் வேலையை முறையாகத் தெரிந்தவர்கள் நம் மாவட்டங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. அவர்களின் சம்மதத்தோடு, மாவட்டவாரியாக அவர்களைப் பற்றி எழுதினால் பழைய கருவி வாங்கும் ஏழை எளிய குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கிதார் ஆசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி.